பதினாலாவது படி

"தவறான கடவு எண். மீண்டும் முயற்சிக்கவும்" என்றாள் அவள், வேறு எவளோ இல்லை, இந்த ரேணுகாதேவியேதான், பதினைந்து வருஷத்துக்கு முந்தின ரேணுகாதேவி, சத்தம் விழுந்துவிடும் என்று மின்விசிறியை அணைத்துவிட்டு, குடோனுக்குள் வியர்த்து வழிய, ஜலதோஷம் பிடித்த மூக்கோடு ஒரு காகிதத்தைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தவள், அந்தக் குரல் கம்பெனியின் வாய்ஸ்மெயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கிலிருந்து ஒரு நாள்கூட வயசாகாமல், ஒரு நாள்கூட லீவு போடாமல், சம்பளமும் கேட்காமல் உழைக்கிறது, உழைக்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் என்னையேவா, என் வாயாலேயே என்னையேவா தப்பு என்கிறாய் என்று ரிசீவரைக் காதோடு நெரித்துக்கொண்டு நின்றாள் ரேணுகாதேவி. போர்டு ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்ச், பெஞ்சுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டிய சாம்பல் நிற போன், அதன் சுருட்டை ஒயர் பாதி வெளுத்து யாரோ கடித்துத் துப்பின மாதிரி இருந்தது. மணி மூன்று இருபது. மூன்றே முக்காலுக்கு விசாரணைக்கு உள்ளே கூப்பிடுவார்கள். நாலு மணிக்கு, ஆள் இல்லாத பெட்டிகளையெல்லாம் சிஸ்டம் தானாகவே அழித்துவிடும் என்று காலையில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை, தானாகவே நடப்பதற்கு யார் கையெழுத்துப் போடுவது. பெட்டி எண் இரண்டாயிரம், ஆபரேட்டர் பெட்டி, அவளுடைய பெட்டி, ஆனால் ஆபரேட்டர் என்கிற வேலையையே ஒன்றாம் தேதி எடுத்துவிட்டு, எல்லார் கடவு எண்ணையும் மொத்தமாக மாற்றிவிட்டு, அவளை ஸ்டோர்ஸில் போல்ட் நட்டு எண்ண உட்கார்த்திவிட்டார்கள், ஆக அந்தப் பெட்டிக்கு ஆள் இல்லை, ஆள் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள், ஆனாலும் ஆள் இல்லை. அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது ஜி.எம். தெய்வசிகாமணி பேசின முப்பது செகண்ட். அது நாலு மணிக்குப் போய்விட்டால், யூனியன் ஆபீஸ் பெட்டியைத் திறந்து தொழிலாளிகள் வைத்த புகாரைக் காட்டிக்கொடுத்தவள் என்கிற பேரோடு இருபத்திரண்டு வருஷ வேலையை இந்த வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

தானாகவே. இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசியது. புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் பெட்டி தானாகவே முளைக்கும், வேலையை விட்டால் தானாகவே மறையும், கடவு எண் மறந்தால் ஒன்பதை அழுத்தினால் தானாகவே புது எண் வரும், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம் என்று மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள், கெஞ்சினார்களா, எவன் கெஞ்சினான், "ரேணுக்கா, மறந்துட்டேனுங்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே, அந்த ஒரு வார்த்தையிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுமே, பெயின்ட் ஷாப் மாரப்பன் என்றால் மூச்சு முதலில் வரும், பேச்சு பின்னால் வரும், அக்கவுண்ட்ஸ் வசந்தகோகிலம் என்றால் வளையல் முதலில் வரும், டிசைன் செக்ஷன் தம்பிகள் என்றால் "மேம்" என்று ஆரம்பித்து அவள் "ம்?" என்றதும் "அக்கா" என்று இறங்குவார்கள். குரல்தான் சாவி, அவள் காதுதான் பூட்டு. உரியவர் தன் வாயால் கேட்காமல் ஒருத்தர் பெட்டிக்கும் எண்ணை மாற்றினதில்லை, மேனேஜர் கேட்டாலும் "அவரையே பேசச் சொல்லுங்க" என்பாள், இருபத்திரண்டு வருஷம், ஒரு தரம்கூட, ஒரு தரம்கூட என்று நினைக்கும்போதே ஒரே ஒரு தரம் வந்து குறுக்கே நின்றது, அந்த ஒரு தரத்தை அவள் சட்டென்று தாண்டி மெர்லினிடம் போய்விட்டாள். மெர்லினைத் திட்டுவது சுலபம். நாகர்கோவில்காரி, முப்பது வயசு இருக்கும், இந்தத் தானாகவேயை எழுதுவதற்கென்று கம்பெனி வெளியிலிருந்து கூப்பிட்டு வந்தவள், மூன்று வாரம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அக்கா, இப்பம் எந்தக் கட்டைய அமுக்கினீங்க? அதுக்குப் பொறவு? அது எதுக்காக்கும்?" என்று ஒவ்வொரு அசைவையும் எழுதி எழுதி, ஒன்றாம் படி, இரண்டாம் படி என்று ரேணுகாதேவியை உரித்து ஒரு நோட்டில் காயப்போட்டாள். "நீங்க செய்யுறத அப்படியே அது செய்யும்க்கா, ஒரு எழுத்து கூட்டாது, ஒரு எழுத்து கொறைக்காது, பார்த்துக்கிடுங்க." அப்படியே என்றால் அப்படியே, பதினாலாவது படியில் அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு, "எண்ணை மாத்தின பொறவு 7099-ங்கற பெட்டிக்குள்ள போயி அதையே ஒருக்கா சொல்லி வைக்கியளே, அது எதுக்காக்கும்?" என்றபோது ரேணுகாதேவிக்குக் காது மடல் சுட்டது. எதற்கென்று சொல்வாள். நாலு இலக்கத்தை அழுத்திவிட்டு, கேட்டவரிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு அந்த நாலும் மறந்துபோகும், ஐந்நூறு குரல் ஞாபகமிருக்கும், நாலு எண் நிற்காது, அதனால் ஒரு குப்பைப் பெட்டி திறந்து அதில் உளறிவைத்துத் திரும்பக் கேட்டுச் சொல்வாள், இதை ஒரு நாகர்கோவில்காரி நோட்டில் எழுதிக்கொண்டு போவதா. "அது சிஸ்டத்துக்கு வேணும்மா, இல்லாட்டி ஒத்துக்காது" என்றாள் முகத்தை இறுக்கிக்கொண்டு. "சரிக்கா" என்று மெர்லின் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதை அழுத்தினாள். "உங்கள் புதிய கடவு எண், பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு அனுப்பப்படும்" என்றது பழைய பதிவுகளிலிருந்து மெர்லின் வெட்டி ஒட்டின அவள் குரல், கொஞ்சம் யோசித்தது, ஆபரேட்டருக்குக் கைபேசி ஏது, "கைபேசி எண் இல்லாததால், உங்கள் குரல் அஞ்சல் பெட்டிக்கே அனுப்பப்பட்டுள்ளது. நன்றி." நன்றியா. பூட்டின வீட்டுக்குள் சாவியை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு நன்றியா. மூன்றாவது தரமாக இதே பதில். உங்களையெல்லாம் எந்த நாய் என்று ஆரம்பித்து யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றாள், திட்டினால் அவளைத்தானே திட்ட வேண்டும், அந்த நன்றிக்கு நீட்டல் போட்டது அவள்தானே. போர்டு ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. க்ஹும், க்ஹும், பிறகு நீளமாக ஒரு க்ஹ்ஹூம், லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. தெய்வசிகாமணி வாயைத் திறக்கப்போகிறார். எந்தப் பேச்சுக்கும் முன்னால் இந்த மூன்றும் வந்தாக வேண்டும், அவர் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னாலும் செருமியிருப்பார் என்று கேன்டீனில் சிரிப்பார்கள். ஆண்டு விழாவில் அவள் கம்பெனி முழுசையும் பேசிக் காட்டினாளே, மேடையில் ஒற்றை மைக், மாரப்பன் மூச்சு, வசந்தகோகிலம் வளையல், கேட் செக்யூரிட்டி விசிலோடு சேர்த்து, ஃபவுண்டரிக்காரர்கள் எழுந்து நின்று "அக்காவுக்கு இன்னொரு டீ" என்று கத்தினார்கள், கடைசியில் ஜி.எம்.மை எடுத்தாள், இரண்டு குட்டிச் செருமலும் கச்சிதம், மூன்றாவது வரவில்லை, தொண்டையில் எங்கேயோ வழுக்கிப் பூனை மாதிரி முடிந்தது, கூட்டம் சிரித்தது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மறந்துவிட்டாரா. இன்றைக்குக் காலையில் விசாரணை வக்கீலிடம் சொல்கிறார், "இந்தம்மா யார் மாதிரி வேணும்னாலும் பேசுவாங்க சார், ரெக்கார்டு அது இதுன்னு ஏதாச்சும் எடுத்துட்டு வந்தா அதையும் மனசுல வெச்சுக்குங்க." அடப்பாவி மனுஷா, கைதட்டினீர்களே, பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தீர்களே, உங்கள் கையால்.

அந்தச் சனிக்கிழமைக்குப் போகக் கூடாது என்று நினைத்தாள், நினைத்தவுடன் அங்கேதான் போய் நின்றாள். பழனி. தங்கை மகனுக்கு மொட்டை, காது குத்து, அடிவாரத்தில் ஈர மண்டையில் சந்தனம், பிள்ளை வீறிட்டது, லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டவரே தெய்வசிகாமணிதான். திங்கட்கிழமை வந்து டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பெட்டியில் தெய்வசிகாமணி குரலில் ஒரு செய்தி: யூனியன் ஆபீஸ் பெட்டிக்கு எண்ணை மாற்றி 1234 போட்டு வையுங்கள், ஆரோக்கியசாமி மறந்துவிட்டாராம், என்னிடம் சொன்னார். மோல்டிங் ஷாப் ஆரோக்கியசாமி, யூனியன் செயலாளர், எதையும் மறக்கிற ஆளா அவர், பத்து வருஷத்துக்கு முந்தின போனஸ் பேச்சுவார்த்தையில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்று சொல்வாரே. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நாலு இலக்கம் அழுத்தினால் போதும், எடுப்பார், "சொல்லு ரேணுகா" என்பார். கேட்கவில்லை. பெரிய அதிகாரி குரல், போன வாரம்தான் லீவு கொடுத்தார், தலைக்கு மேல் வேலை, மூன்று லைன் ஒரே நேரத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது, மாற்றினாள். மாற்றினாள். பெரிய ஆட்கள் செய்தியை எப்போதும் சேமித்துவைக்கிற பழக்கத்தில் அதையும் சேமித்துவைத்தாள், அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த நல்ல காரியம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்ததென்று அவளுக்கு எப்படித் தெரியும்: ஃபவுண்டரிப் புகைபோக்கி விசிறி ஓடி நாலு மாசமாகிறது, இருமினால் கறுப்பாக வருகிறது, இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள் என்று மூன்று பேர் பேர் சொல்லாமல் பேசிவைத்திருந்தார்களாம். பேர் எதற்கு, குரல் போதாதா. பத்தே நாள், மூன்று பேருக்கும் ராஜ்கோட் டிப்போவுக்கு மாற்றல். வேலுச்சாமி. ஜான்பாஷா. இன்னொருத்தர். இன்னொருத்தர் பேர் வர மறுத்தது, குரல் மட்டும் வந்தது, மாசம் ஒரு தரம் போன் பண்ணி, "அம்மிணி, ஊட்டுக்காரிக்கு மேலுக்கு முடியல, ஊருக்கு ஒரு போனு போட்டுக் குடு சாமி" என்கிற குரல், மணல் அரிக்கிற மாதிரி கரகரப்பு, அந்தக் கரகரப்புதான் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும், பேர் என்ன, பேர் என்ன. யூனியன் சத்தம் போட்டதும் பழி ஆபரேட்டர் தலையில் விழுந்தது. மனிதக் கை பட்டதால் வந்த கோளாறு, இனி எல்லாம் தானாகவே என்று மெர்லின் வந்து சேர்ந்தாள். தெய்வசிகாமணி தனியாகக் கூப்பிட்டார், மூன்று செருமல், "ஞாபகமில்லைன்னு எழுதிக் குடுங்க ரேணுகா, ஒரு வார்னிங்கோட முடிச்சிரலாம், நான் இருக்கேன்ல." ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். தன் கையெழுத்தில். அதையே இப்போது மெமோவில் மேற்கோள் போட்டிருக்கிறார்கள், பொறுப்பற்ற பதில் என்று. வெட்கமாக இருந்தது, வெட்கம் உடனே கோபமாகத் திரும்பிக்கொண்டது, கோபம் வசதியாக இருந்தது, கோபத்தில் மூன்றாவது ஆளின் பேரைத் தேட வேண்டியதில்லை.

கதவு கால்வாசி திறந்தது. அட்டெண்டர் மயில்சாமி தலையை மட்டும் நீட்டினார். "அக்கா, இன்னும் பத்து நிமிசமுங்க. சார் டீ குடிக்கறாரு. யாருக்குங்க போனு, ஊட்டுக்கா?"

"எனக்கேதான் மயிலு."

"உங்களுக்கேவா? எடுத்தீங்களா?"

"எங்க எடுக்கறேன்? தப்பு தப்புங்கறா."

மயில்சாமி சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆரோக்கியசாமி அண்ணன் உள்ள உக்காந்திருக்காருங்க. மெர்லின் மேடம் காலைல வந்து, அக்கா சொன்ன மாதிரியே ஒரு படி விடாம எழுதியிருக்கேன், சிஸ்டத்துல ஒரு ஓட்டையும் கெடையாதுன்னு சொல்லிப் போட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒரு படி விடாமல். ஆமாம், கிளி மாதிரி, ஒரு எழுத்து கூட்டாமல் ஒரு எழுத்து குறைக்காமல், அவள் தும்மினால் தும்மலையும் எழுதியிருப்பாள், கொட்டாவிக்கு ஒரு படி, மூக்குறிஞ்சலுக்கு ஒரு படி, பெரிய படிப்புப் படித்தவள், எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியவேண்டாமா, நான் சொன்னால் நம்பிவிடுவதா, நான் சொன்ன அந்தப் பொய்யைக்கூட, அந்தப் பதினாலாவது. ரேணுகாதேவியின் விரல் ஒயரில் சுற்றிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. ஒரு படி விடாமலா. மூன்று தரம் ஒன்பதை அழுத்தினாளே, மூன்று தரமும் புது எண் ஒன்று பிறந்து பூட்டின பெட்டிக்குள் விழுந்ததே, விழுந்த பிறகு, ஒவ்வொரு தரமும், யாருக்கும் தேவையில்லாமல், ரேணுகாதேவி செய்வாள் என்பதால் மட்டும், சிஸ்டம் 7099-க்குள்ளும் போய் அதையே ஒரு தரம் சொல்லிவைத்திருக்குமே. மணி மூன்று முப்பத்தெட்டு. 7099 எந்தப் பட்டியலிலும் இல்லாத பெட்டி, யார் பேரிலும் இல்லாதது, ஒன்றாம் தேதி எல்லார் எண்ணையும் மாற்றின சிஸ்டம் அதைத் தொட்டிருக்காது, அதற்கு எண் அவளுடைய மொபெட்டின் எண், அது மட்டும் மறக்காது, 7099-ஐ அழுத்தினாள், பிறகு நாலு, நாலு, ஏழு, ஒன்று. "வணக்கம்" என்றாள் பழைய ரேணுகாதேவி. "உங்களுக்கு அறுபத்து மூன்று புதிய செய்திகள் உள்ளன."

அறுபத்து மூன்று. பழையதிலிருந்துதான் வரும். அடுத்ததற்கு மூன்றை அழுத்த வேண்டும், அழுத்தினாள், "பெட்டி எண் இரண்டு ஒன்று ஒன்று எட்டு" வசந்தகோகிலம், மறந்துவிட்டாயா புள்ளே, அழுத்தினாள், "இரண்டு மூன்று ஆறு ஒன்று" பெயின்ட் ஷாப், மாரப்பன் யாரிடம் மூச்சு வாங்கினானோ, அழுத்தினாள், அழுத்தினாள், கம்பெனியே வரிசையில் நின்று அவள் காதில் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்தது, டிசைன் தம்பிகள், கேட், கேன்டீன், கொள்முதல், அத்தனை பேருடைய சாவியும் அவளுடைய மூக்கடைத்த குரலில், ஓட்டையே கிடையாதாம், ஓட்டை இல்லையடி இது, ஊர்க் கிணறு, அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், விரல் மட்டும் நிற்கவில்லை. "பெட்டி எண் இரண்டு பூஜ்யம் ஐந்து பூஜ்யம்." விரல் நின்றது. ஜி.எம். பெட்டி. "புதிய கடவு எண்." கேட்டால் போதும். போய்த் திறந்து பார்த்தால் போதும், யார் யாரோடு என்ன பேசினார், ராஜ்கோட்டுக்கு யார் எழுதச் சொன்னது, எல்லாம் இருக்கும், அவர் செய்ததைத்தானே திருப்பிச் செய்யப்போகிறேன், தப்பா, தப்பே இல்லை, எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன் தப்பில்லை என்று. "ஆறு" என்று தொடங்கியது குரல். மணல் அரிக்கிற மாதிரி இன்னொரு குரல் அதன் மேல் வந்து விழுந்தது, அம்மிணி, ஊட்டுக்காரிக்கு மேலுக்கு முடியல. மூன்றை அழுத்தினாள். மிச்சத்தைக் கேட்கவில்லை. நாலும் காதில் விழுந்திருந்தால்கூட மறந்திருப்பாள், ஆனால் அவள் கேட்கவில்லை. அழுத்தினாள், அழுத்தினாள், கட்டைவிரல் நகம் வலித்தது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. "பெட்டி எண் இரண்டு பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். புதிய கடவு எண், எட்டு, ஏழு, ஏழு, ஐந்து." ஜலதோஷ ஏழு, ஏங்ழு என்று மூக்கால் வருகிற ஏழு, இரண்டு தரம். உள்ளங்கையில் எழுதப் பேனா இல்லை. எட்டு ஏழு ஏழு ஐந்து, எட்டு ஏழு ஏழு ஐந்து என்று உதட்டை அசைத்துக்கொண்டே நின்றபோது கதவு திறந்து மயில்சாமி, "வாங்க அக்கா" என்றார்.

நீள மேஜை. நடுவில் விசாரணை வக்கீல், அவருக்கு இடப்பக்கம் தெய்வசிகாமணி டீ டம்ளரோடு, வலப்பக்கம் ஆரோக்கியசாமி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி. மேஜை மேல் ஸ்பீக்கர் வைத்த போன். எட்டு ஏழு ஏழு ஐந்து. உட்காரச் சொன்னார் வக்கீல். உட்கார்ந்தால் மறந்துவிடும்.

"இருங்க சார், நானே சொல்லிப்போடறேன்" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தது. "யூனியன் பெட்டிக்கு எண்ணை மாத்துனது நானுங்க. ஞாபகமில்லைன்னு எழுதிக் குடுத்தது பொய்யுங்க. அண்ணன் வாயால கேக்காம மாத்திப்போட்டேன். வேலுச்சாமிக்கும் ஜான்பாஷாவுக்கும் கிட்டானுக்கும்" என்றாள், கிட்டான், கிட்டான், எங்கே ஒளிந்திருந்தாய், "அவிங்களுக்கு நான் பதில் சொல்லோணும். மாத்தச் சொன்னது யாருன்னு நீங்க கேளுங்க."

ஆரோக்கியசாமி ஜன்னலை விட்டுத் திரும்பினார். தெய்வசிகாமணி டம்ளரைக் கீழே வைத்தார், "சார், நான் காலையிலயே சொன்னேன், இந்தம்மா யார் குரல்லயும்" என்பதற்குள் அவள் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டாயிரத்தை அழுத்தி, எட்டு, ஏழு, ஏழு, ஐந்தும் அழுத்திவிட்டாள். மேஜையிலிருந்து இளம் ரேணுகாதேவி, "உங்களுக்குச் சேமித்த செய்தி ஒன்று. சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது" என்றாள். வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. ஸ்பீக்கரில் க்ஹும், க்ஹும், பிறகு அந்த மூன்றாவது, உலகத்தில் ஒரு தொண்டைக்கு மட்டுமே வருவது, லாரி பின்னால் வருகிற மாதிரி, "ரேணுகா, நீங்க பழனில இருப்பீங்க, மொட்டை முடிஞ்சு திங்கக்கெழமை வந்ததும்" என்று ஆரம்பிக்க, மேஜைக்கு அந்தப் பக்கம் நிஜ தெய்வசிகாமணி அதை மறுத்துப் பேச அவசரமாக வாயைத் திறந்தார், திறப்பதற்கு முன்னால், பாவம் அவரால் என்ன செய்ய முடியும், தானாகவே, க்ஹும், க்ஹும், க்ஹ்ஹூம்.